சபைக்கு வந்த குரல்

செல்போனில் படம் எடுக்கிறோம். பேச்சைப் பதிவு செய்கிறோம். செல்போனில் அது நன்றாக ஓடுகிறது. அதையே பென் டிரைவில் போட்டு டி.வி.யில் செருகினால் சில நேரம் ஓடுவதில்லை. ஸ்பீக்கர் பெட்டியில் செருகினால் சத்தமே வருவதில்லை. ஏன்? அதற்கு என்ன செய்ய வேண்டும்? மாரியம்மாளின் கதையைப் படியுங்கள். உங்களுக்கே விளங்கும்.

1. ஊருணி ஏன் நிறையவில்லை?

மாரியம்மாளுக்கு வயது ஐம்பது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் எழுதப் படிக்கக் கற்றார். ஊரில் பத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் மகளிர் குழுவுக்கு அவர்தான் தலைவி.

ஊரில் ஓர் ஊருணி இருக்கிறது. குடிக்கவும் குளிக்கவும் ஆடு மாட்டுக்கும் அந்தத் தண்ணீர்தான். மழை பெய்தும் இரண்டு ஆண்டுகளாக ஊருணி நிறையவில்லை. தண்ணீர் வரும் கால்வாய் அடைபட்டுக் கிடந்தது.

கிராம சபையில் பெண்கள் இதைச் சொன்னார்கள்.

"எந்த இடத்தில் அடைப்பு?" என்று கேட்டார்கள்.

பெண்களால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். "சரி, பார்ப்போம்" என்று கூட்டம் முடிந்தது.

கால்வாயின் முழு வழியும் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான். அவர் பெரியசாமி தாத்தா. மடை திறந்துவிடும் வேலை பார்த்தவர். இப்போது வயது எண்பத்து நான்கு. கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாது. அவர் எப்படிக் கூட்டத்துக்கு வருவார்?

"தாத்தா வர முடியாவிட்டால் என்ன? அவர் குரல் வரலாமே!" என்றாள் செல்வி.

குழுவிலேயே இளையவள் செல்வி. அவளிடம் புது செல்போன் இருந்தது. பெண்கள் கால்வாய் ஓரமாக நடந்தார்கள். அடைபட்ட நான்கு இடங்களைச் செல்வி படம் எடுத்தாள். பிறகு தாத்தா வீட்டுக்குப் போனார்கள்.

"தாத்தா, நீங்க பேசுறதைச் சபையில போடலாமா?" என்று மாரியம்மாள் முதலில் அனுமதி கேட்டார்.

"தாராளமாப் போடும்மா. நான் இருக்கும்போதே நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார் தாத்தா.

ஆறு நிமிடம் பேசினார். செல்வி அதை வாட்ஸ்அப் குரல் செய்தியாகப் பதிவு செய்தாள். குழுவுக்கும் அனுப்பினாள்.

அடுத்த வாரம் தாத்தாவுக்கு வாதம் வந்தது. பேச்சு நின்றுபோனது. இனி அந்த ஆறு நிமிடம்தான் தாத்தாவின் பேச்சு.

2. ருசி பார்க்காமல் பந்தியா?

அக்டோபர் 2 அன்று கிராம சபை. செப்டம்பர் 30 அன்று மாலை மாரியம்மாள் சொன்னார்:

"ருசி பார்க்காம யாராவது பந்தியில சோறு போடுவாங்களா? வாங்க, இன்னைக்கே போட்டுப் பார்த்திடுவோம்."

படத்தையும் பேச்சையும் பென் டிரைவில் ஏற்றினார்கள். ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு டி.வி. இருந்தது. 2012-ல் வாங்கியது. கூட்டத்துக்கு வைக்கும் ஸ்பீக்கர் பெட்டியும் இருந்தது. அது போன வருடம் வாங்கியது.

முதலில் டி.வி.யில் செருகினார்கள். காற்றுச் சத்தம் கேட்டது. செல்வி பேசுவது கேட்டது. ஆனால் படம் இல்லை. திரை கறுப்பாக இருந்தது.

அடுத்து ஸ்பீக்கர் பெட்டியில் செருகினார்கள். ஒன்றுமே கேட்கவில்லை.

"பென் டிரைவ் கெட்டுப்போச்சோ?" என்றாள் தங்கம்.

"பெயரை மாற்றிப் பார்க்கிறேன்" என்றாள் செல்வி. குரல் பதிவின் பெயரில் கடைசியில் இருந்த எழுத்துகளை அழித்தாள். அந்த இடத்தில் ‘எம்.பி.3’ என்று ஆங்கில எழுத்தில் போட்டாள். அப்போதும் பாடவில்லை.

மறுநாள் காலை மூவரும் குமாரின் ஜெராக்ஸ் கடைக்குப் போனார்கள். அங்கே கம்ப்யூட்டர் இருக்கிறது.

3. உறையும் கடிதமும்

குமார் பென் டிரைவைப் பார்த்தான். சிரித்தான்.

"அத்தை, மிளகாய்த்தூள் டப்பா மேல ‘சர்க்கரை’ன்னு எழுதி ஒட்டினா உள்ளே இருக்கிறது இனிக்குமா?"

"எப்படி இனிக்கும்?"

"அதுபோலத்தான். பெயரை மட்டும் மாற்றினா உள்ளே இருக்கிறது மாறாது."

பிறகு குமார் விளக்கினான்.

கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஒரு படமோ பேச்சோ ஒரு கோப்பாக இருக்கும். கோப்பை ஃபைல் என்றும் சொல்வார்கள். கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி இருக்கும். புள்ளிக்குப் பின் சில எழுத்துகள் இருக்கும். அது கோப்பின் வால் போன்றது. எம்.பி.3, எம்.பி.4, ஓபஸ் என்று பல வால்கள் உண்டு.

கோப்பை ஓர் அஞ்சல் உறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ உறைக்குள் இரண்டு கடிதங்கள் இருக்கும். ஒன்று படத்துக்கு. ஒன்று சத்தத்துக்கு. ஒவ்வொரு கடிதமும் ஒரு மொழியில் எழுதியிருக்கும். டி.வி. உறையைப் பிரிக்கும். கடிதத்தின் மொழி தெரிந்தால் வாசிக்கும். தெரியாவிட்டால் விழிக்கும்.

"உங்க டி.வி.க்குச் சத்தத்தோட மொழி தெரிஞ்சிருக்கு. அதனால சத்தம் வந்தது. படத்தோட மொழி தெரியல. அதனால படம் வரல."

மாரியம்மாள் தலையாட்டினார்.

"ரெண்டு வருசம் முன்னாடி எனக்கும் அப்படித்தான் தம்பி. கடிதம் வந்தா பிரிப்பேன். வாசிக்கத்தான் தெரியாது."

"சரியாச் சொன்னீங்க அத்தை. ஆனா நீங்க படிச்சுக்கிட்டீங்க. பழைய டி.வி.க்குப் புது மொழி கத்துக்கொடுக்க முடியாது. நாமதான் அதுக்குத் தெரிஞ்ச மொழியில எழுதிக் கொடுக்கணும்."

4. எந்தக் கருவிக்கு எந்த மொழி?

செல்வியின் புது செல்போன் படத்தை எச்.265 என்ற முறையில் எழுதியிருந்தது. இந்த முறை 2013-ல் வந்தது. இது படத்தைச் சிறிய இடத்தில் அடக்கும். ஆனால் டி.வி. 2012-ல் வாங்கியது. தனக்குப் பின்னால் வந்த மொழி அதற்கு எப்படித் தெரியும்?

அதற்கு முந்தைய முறை எச்.264. இது 2003-ல் வந்தது. பழைய டி.வி., புது டி.வி., செல்போன், கம்ப்யூட்டர் என்று பெரும்பாலான கருவிகளுக்கு இது தெரியும். ஆகவே படத்தை எம்.பி.4 உறையில், எச்.264 முறையில் கொடுப்பது நல்லது. அந்த உறையில் சத்தத்தை ஏ.ஏ.சி. முறையில் வைக்க வேண்டும்.

படத்தின் அளவையும் பார்க்க வேண்டும். படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. செல்வி எடுத்த படம் ‘4கே’ அளவு. அதில் குறுக்கே 3840 புள்ளிகளும் மேலிருந்து கீழாக 2160 புள்ளிகளும் இருக்கும். அலுவலக டி.வி.யில் 1920, 1080 புள்ளிகள்தான். 4கே படத்தில் அதைப் போல நான்கு மடங்கு புள்ளிகள். அவ்வளவையும் பழைய டி.வி.யால் கையாள முடியாது. 1080 அளவுக்குக் குறைத்தால் போதும்.

குரல் பதிவுக்கு என்ன ஆயிற்று? வாட்ஸ்அப் குரல் செய்தி ஓபஸ் என்ற முறையில் இருக்கும். குறைந்த இடத்தில் பேச்சைத் தெளிவாக அடக்க இது நல்ல முறை. ஆனால் சிறிய ஸ்பீக்கர் பெட்டிகள் பலவற்றுக்கு இது தெரியாது.

"பெட்டி புதுசுதானே?" என்று செல்வி கேட்டாள்.

"புதுசா இருந்தாலும் விலை குறைஞ்ச பெட்டி. அதுக்கு எம்.பி.3 தெரியும். சில பெட்டிக்கு வேவ் தெரியும். அவ்வளவுதான்."

எம்.பி.3 என்ற பெயர் 1995-ல் வைக்கப்பட்டது. அதைப் பாடாத பெட்டியைக் காண்பது அரிது. ஒரு நிமிடப் பேச்சு எம்.பி.3-ல் ஏறத்தாழ ஒரு மெகாபைட் இடம் பிடிக்கும். வேவ் முறையில் அதே ஒரு நிமிடம் பத்து மெகாபைட் பிடிக்கும்.

5. "நில்லு தம்பி!"

"ஸ்பீக்கருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு" என்றான் குமார்.

பென் டிரைவுக்குள் கோப்புகளை அடுக்கி வைக்க ஓர் ஒழுங்கு உண்டு. வயலில் பாத்தி கட்டுவது போல. சிறிய பெட்டிகளுக்குப் பெரும்பாலும் ‘ஃபேட்32’ என்ற ஒழுங்குதான் தெரியும். இந்தப் பென் டிரைவில் வேறு ஒழுங்கு இருந்தது. டி.வி.க்கு அது தெரிந்தது. பெட்டிக்குத் தெரியவில்லை.

"ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்" என்று குமார் சுட்டியை நகர்த்தினான்.

திரையில் ஒரு சிறு கட்டம் வந்தது. அதில் ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது. குமார் ‘ஓ.கே.’ அழுத்தப் போனான்.

"நில்லு தம்பி!" என்றார் மாரியம்மாள். "அதுல என்ன எழுதியிருக்கு? வாசிச்சுச் சொல்லு."

"இதில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும்னு இருக்கு அத்தை."

"தாத்தா பேச்சு இதுலதானே இருக்கு?"

"செல்போன்லயும் இருக்கும்ல?" என்றான் குமார்.

செல்வியின் முகம் மாறியது. "செல்போன்ல இடம் இல்லன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டேனே!"

"குழுவுல வந்ததை நானும் அழிச்சுட்டேன்" என்றாள் தங்கம்.

கடையில் யாரும் பேசவில்லை. இன்னும் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் தாத்தாவின் குரல் அதோடு போயிருக்கும். திரும்பக் கேட்கத் தாத்தாவால் பேச முடியாது.

ஃபார்மட் செய்வது என்பது வயலை உழுது புதிதாகப் பாத்தி கட்டுவது. பழைய பயிர் ஒன்றும் மிஞ்சாது. எனவே அதற்கு முன் உள்ளே இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வைக்க வேண்டும்.

குமார் உடனே எல்லாக் கோப்புகளையும் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்தான். செல்வி மாற்றிய பெயரைப் பழையபடி திருத்தினான். தாத்தாவின் பேச்சைப் போட்டுக் காட்டினான். முழுதும் கேட்டது. செல்வியின் செல்போனுக்கும் ஒரு நகல் அனுப்பினான். அதற்குப் பிறகுதான் பென் டிரைவை ஃபார்மட் செய்தான்.

6. மாற்றும் வேலை

கோப்பின் மொழியை மாற்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. குமார் இரண்டைப் பயன்படுத்தினான். செய்த முறை இதுதான்.

வீடியோவுக்கு ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளைத் திறந்தான். செல்வி எடுத்த படத்தை அதற்குள் கொடுத்தான். உறைக்கு எம்.பி.4 என்பதைத் தேர்ந்தெடுத்தான். படத்துக்கு எச்.264. அளவுக்கு 1080. பிறகு தொடங்கும் பொத்தானை அழுத்தினான். சற்று நேரத்தில் புதிய கோப்பு தயார்.

குரலுக்கு வி.எல்.சி. என்ற மென்பொருளைத் திறந்தான். அதில் ஒரு கோப்பை வேறு முறைக்கு மாற்றிச் சேமிக்கும் வசதி உண்டு. தாத்தாவின் பதிவைக் கொடுத்து எம்.பி.3 என்பதைத் தேர்ந்தெடுத்தான். ஆறு நிமிடப் பேச்சு ஏறத்தாழ ஆறு மெகாபைட் கோப்பாக வந்தது.

"மாத்தினதுதான் வந்துருச்சே. பழசை அழிச்சிடலாமா?" என்று தங்கம் கேட்டாள்.

"கூடவே கூடாது அக்கா. ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் தரம் கொஞ்சம் குறையும். நகலுக்கு நகல் எடுத்தா ஜெராக்ஸ் மங்குது இல்ல, அதுபோல. நாளைக்கு வேற கருவிக்கு வேற மாதிரி வேணும்னா மூலத்திலிருந்துதான் மாத்தணும்."

பெயர் வைப்பதிலும் கவனம் தேவை. சில பெட்டிகளுக்குத் தமிழ் எழுத்துப் பெயர் தெரியாது. எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகக் காட்டும். ஆகவே குமார் 01, 02 என்று எண்களைப் பெயராக வைத்தான். அந்த வரிசையிலேயே பென் டிரைவில் ஏற்றினான். சில கருவிகள் எந்த வரிசையில் ஏற்றினோமோ அதே வரிசையில்தான் ஓட்டும்.

ஃபேட்32 ஒழுங்கில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரே கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேல் இருந்தால் ஏறாது. நீளமான படம் என்றால் இரண்டு மூன்று துண்டாகப் பிரித்து ஏற்ற வேண்டும். பெண்கள் எடுத்த படம் நான்கு நிமிடம்தான். அதனால் சிக்கல் இல்லை.

எல்லாம் ஏற்றிய பிறகும் குமார் பென் டிரைவைச் சட்டென்று பிடுங்கவில்லை. பத்திரமாக எடுக்கும் கட்டளையைக் கம்ப்யூட்டரில் கொடுத்தான். ‘எடுக்கலாம்’ என்று வந்த பிறகே எடுத்தான். பாதியில் பிடுங்கினால் கோப்பு கெட்டுவிடும்.

கிளம்பும்போது செல்விக்கு ஒரு யோசனை சொன்னான்.

"அக்கா, உங்க செல்போன் கேமராவோட அமைப்புல பாருங்க. பல செல்போன்ல எச்.264-ல எடுக்கச் சொல்ல முடியும். 1080 அளவும் வைக்கலாம். அப்படி வச்சு எடுத்தா அடுத்த தடவை மாத்துற வேலையே இல்ல. செல்போனைப் படுக்கை வாட்டத்துல பிடிச்சு எடுங்க. அப்பத்தான் டி.வி. திரை நிறையும்."

அன்று மாலையே அலுவலகத்தில் மீண்டும் போட்டுப் பார்த்தார்கள். டி.வி.யில் படம் வந்தது. பெட்டியில் தாத்தா பேசினார்.

7. அக்டோபர் 2

கிராம சபை கூடியது. இந்தியாவில் கிராம சபைக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் உண்டு. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் அதைத் தந்தது. ஊரின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியசாமி தாத்தாவும் உறுப்பினர்தான்.

மாரியம்மாள் எழுந்தார். "போன தடவை எந்த இடத்துல அடைப்புன்னு கேட்டீங்க. இப்போ பாருங்க" என்றார்.

டி.வி.யில் படம் ஓடியது. முதல் இடத்தில் கட்டட இடிபாடு. இரண்டாவது இடத்தில் கருவேல முள். மூன்றாவது இடத்தில் குப்பை மேடு. நான்காவது இடத்தில் குழாய்ப் பாலம் மண் மூடிக் கிடந்தது.

பிறகு ஸ்பீக்கர் பெட்டியில் தாத்தாவின் குரல் கேட்டது. கால்வாய் எங்கே தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது, எத்தனை மடை, எந்த மடைக்கு எவ்வளவு அகலம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுவில் இருமினார். மூச்சு வாங்கினார். மறுபடி சொன்னார். கூட்டத்தில் சத்தமே இல்லை. தாத்தாவின் மகன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கால்வாயை அளந்து, நான்கு அடைப்புகளையும் எடுப்பது என்று தீர்மானம் எழுதினார்கள். பதிவேடு மாரியம்மாளிடம் வந்தது. முன்பு என்றால் கைநாட்டு வைத்துவிட்டு வந்திருப்பார். இப்போது நிதானமாக வாசித்தார். மூன்று இடம் என்று எழுதியிருந்தது.

"நாலு இடம்" என்றார்.

திருத்தி எழுதினார்கள். அதன் பிறகே கையெழுத்துப் போட்டார்.

நினைவில் வைப்போம்

• படமும் பேச்சும் ஓட வேண்டிய கருவி எது என்று முதலில் பாருங்கள். அதன் கையேட்டில் எந்த முறைகள் ஓடும் என்று அச்சிட்டிருக்கும்.
• வீடியோவுக்கு எம்.பி.4 உறை, எச்.264 முறை. பேச்சுக்கும் பாட்டுக்கும் எம்.பி.3. இவை பெரும்பாலான கருவிகளில் ஓடும்.
• பெயரின் வாலை மாற்றினால் கோப்பு மாறாது. மென்பொருள் கொண்டுதான் மாற்ற வேண்டும்.
• மூலக் கோப்பை அழிக்காதீர்கள். இரண்டு இடங்களில் வையுங்கள்.
• ஃபார்மட் செய்தால் எல்லாம் அழியும். திரையில் வருவதை வாசித்த பிறகே அழுத்துங்கள். தெரியாத மொழியில் இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.
• எந்தக் கருவியில் போடப் போகிறோமோ, அதே கருவியில் முன்கூட்டியே போட்டுப் பாருங்கள்.
• ஒருவரின் பேச்சையோ படத்தையோ பதிவு செய்யும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. டி.வி.யில் சத்தம் வந்தது. படம் ஏன் வரவில்லை?
2. செல்வி பெயரை மாற்றியும் பெட்டி ஏன் பாடவில்லை?
3. "நில்லு தம்பி!" என்று மாரியம்மாள் சொல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?
4. ஒரு நிமிட எம்.பி.3 பேச்சுக்கு ஒரு மெகாபைட் இடம் என்றால், அரை மணி நேரப் பேச்சுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பெரியவர் ஒருவர் இருப்பார். அவருக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். அது ஒரு தாலாட்டாக இருக்கலாம். நாட்டு மருந்தாக இருக்கலாம். ஊர் எல்லையாக இருக்கலாம். அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். எம்.பி.3-ஆக மாற்றி ஸ்பீக்கர் பெட்டியில் போட்டு அவருக்கே கேட்கக் கொடுங்கள். மூலத்தைப் பத்திரமாக வையுங்கள்.